பாதத்துக்குக் கீழே ஒன்றேகால் மில்லிமீட்டர்

நிக்கான் எஃப்எம்2-வின் வியூஃபைண்டரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதன் கீழ் விளிம்பு. மேலே நடுவில் அப்பர்ச்சர் எண்ணுக்கு ஒரு குட்டி ஜன்னல். இடப்பக்கம் ஷட்டர் வேகம். வலப்பக்கம் கூட்டல், வட்டம், கழித்தல் என மூன்று சிவப்புக் குறிகள். கீழே மட்டும் ஒன்றுமே கிடையாது. துடைத்துவிட்டாற்போல ஒரு கோடு, அதற்கப்பால் இருட்டு. எண்ணையும் விளக்கையும் தேடி மூன்று பக்கமும் போய்வருகிற கண், சோலி இல்லாத இடத்துக்கு ஏன் போகப்போகிறது? எத்தனையோ நடனப் படங்களில் பாதம் அரைகுறையாக நிற்பதற்கும், எத்தனையோ கோயில் படங்களின் கீழ்மூலையில் யாருடைய செருப்போ வந்து உட்கார்ந்திருப்பதற்கும் நான் சொல்லும் காரணம் இந்த வெறுமைதான்.

அந்தக் கோடு முடிகிற இடத்தில் படம் முடிவதில்லை. எஃப்எம்2 காட்டுவது நீளத்திலும் அகலத்திலும் 93 சதவீதம். 24-க்கு 36 மில்லிமீட்டர் நெகட்டிவில் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய 22.3-க்கு 33.5. பரப்பில் கணக்குப் போட்டால் 86 சதவீதம் சொச்சம். மேலும் கீழும் 0.84 மி.மீ., பக்கத்துக்கு 1.26 மி.மீ. நம்மைக் கேட்காமலே ஃபிலிமில் பதிந்துவிடுகிறது. கேமராவை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடித்தால் அந்த ஒன்றேகால் மில்லிமீட்டர் காலடிக்கு வந்துவிடும். என் பிரியமெல்லாம் அந்த ஒன்றேகால் மேல்தான்.

எஃப்3 வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். 1959-இல் வந்த முதல் எஃப் தொடங்கி எஃப்2, எஃப்3, எஃப்4, எஃப்5 என்று அந்த மூத்த வரிசை முழுக்க நூற்றுக்கு நூறு காட்டியது. “இருக்கறதை இருக்கறபடி காட்டற கேமரா இருக்கறச்சே, மறைச்சுக் காட்டறதை எதுக்குக் கட்டிண்டு அழறேள்?” என்பார் வால்மீகி நகர் நண்பர் ஒருவர். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கண்ணாடி போடுகிறவர். அவரிடம் இருப்பது 1982-இல் வந்த எஃப்3எச்பி. கண்ணாடியோடு நாலு மூலையும் தெரிவதற்காக அதில் உருவப் பெருக்கத்தை 0.75-க்கு இறக்கிவிட்டார்கள். எஃப்எம்2-வில் 0.86. அவருடையது நூறையும் காட்டுகிறது, ஆனால் தள்ளி நிறுத்திக் காட்டுகிறது. முழுசாகத் தெரிகிற சின்னப் படமா, ஓரம் குறைந்த பெரிய படமா என்றால் எனக்குப் பெரிய படம்தான் வேண்டும். ஆடுகிறவரின் விரல்நுனி எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியாவிட்டால், மூலை தெரிந்து என்ன லாபம்?

இந்த விஷயத்தில் என்னைக் கொஞ்சம் ஆட்டிவைத்த கேமரா ஒலிம்பஸ் ஓஎம்-1. மைட்டானி வடிவமைத்த அந்தக் கையடக்கப் பெட்டிக்குள் 97 சதவீதமும் 0.92 பெருக்கமும் எப்படி உட்கார்ந்தன என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். முதல்முறை கண்ணில் வைத்தபோது, சின்ன வீட்டுக்குள் நுழைந்ததும் பெரிய கூடம் எதிர்ப்பட்ட திகைப்பு. ஆனாலும் அந்தத் திகைப்பிலேயே ஓர் இடைஞ்சல் இருக்கிறது. 97 என்றால் கிட்டத்தட்ட முழுசு; கிட்டத்தட்ட முழுசாக இருப்பதை நாம் முழுசு என்றே எடுத்துக்கொண்டுவிடுவோம். மீதி மூன்றை மறந்தே போவோம். 93 மறக்கவிடாது.

மறுகோடியில் சோவியத் ஜெனிட்-இ. அதன் வியூஃபைண்டர் காட்டுவது 20-க்கு 28 மில்லிமீட்டர், பரப்பில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. 58 மி.மீ. ஹீலியாஸை மாட்டிக்கொண்டு, கண்ணால் ஏறக்குறைய 75 மி.மீ. லென்ஸின் காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அதை வைத்து ஒழுங்காக ஃப்ரேம் வைத்தவர்களுக்கு நான் எழுந்து நின்று கும்பிடு போடுவேன். அதே கணக்கை எஃப்எம்2-வுக்குப் போட்டால், 50 மாட்டினால் கண்ணுக்குக் கிடைப்பது 54-இன் காட்சி. 50-ஐ மாட்டிக்கொண்டு 54-ஐப் பார்த்து 50-ஐ மனதில் நினைப்பது பழக்கத்தில் வந்துவிடும். 58-க்கும் 75-க்கும் நடுவே பாலம் போடுவது வேறு வித்தை.

ஏன் 93? விலையை மிச்சம் பிடிக்கத்தான் என்பார்கள். பொய்யில்லை. நூறு காட்ட வேண்டுமானால் பெரிய ப்ரிஸம் வேண்டும், பெரிய கண்ணாடி வேண்டும். அதைவிட, ஒவ்வொரு கேமராவையும் தனித்தனியாக உட்காரவைத்து ஸ்க்ரீனையும் ஃபிலிம் வாசலையும் நூல் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நேர் செய்ய வேண்டும். அதில் பிசகினால் வியூஃபைண்டரில் தெரிந்தது ஃபிலிமில் இல்லாமல் போகும். வாங்கியவர் மன்னிக்கவே மாட்டார். கூடுதலாக ஏதாவது பதிந்தால் முணுமுணுத்துக்கொண்டு வெட்டிக்கொள்வார். குறைந்தால் கடைக்கு வந்து நிற்பார். ஆகவே குறைத்துக் காட்டுவதே இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியம். ஸ்லைடு காலத்தில் படம் மவுன்ட்டுக்குள் போகும். மவுன்ட்டின் வாசல் 24-க்கு 36 கிடையாது. எல்லாப் பக்கமும் கொஞ்சம் கடித்துக்கொண்டு ஏறக்குறைய 23-க்கு 34 என்று நிற்கும். கலர் லேபில் 4-க்கு 6 பிரிண்ட் போட்டால் மெஷினின் மாஸ்க் தன் பங்குக்கு ஓரத்தைச் சுற்றி ஒரு நூல் எடுத்துக்கொள்ளும். என்லார்ஜரின் நெகட்டிவ் கேரியரும் அப்படித்தான். வழியில் கைவைப்பவர்கள் இத்தனை பேர் இருக்க, கடைசியில் ஆல்பத்துக்கு வந்து சேர்கிற படம் எவ்வளவோ, அவ்வளவை மட்டும் முன்கூட்டியே காட்டினார்கள் கேமராக்காரர்கள். ரவிக்கை தைக்கிறவர் உள்ளே மடிக்கத் துணி விடுவதுபோல ஓரத்தில் விட்ட இடம் அது. போட்டுக்கொள்கிறவர் கண்ணில் படாது. ஆனால் அது இல்லாமல் தையல் நிற்காது.

சொல்லப்போனால் ஃப்ரேம் வைப்பது என்பதே, வழியில் யார் யார் எவ்வளவு எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்துவைத்திருப்பதுதான். 8-க்கு 10 தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் நடனக் கலைஞர் யாராக இருந்தாலும் சபாக்களுக்குக் கொடுக்க 8-க்கு 10-இல் நாலு படம் வைத்திருப்பார். 24-க்கு 36 நெகட்டிவை அந்தத் தாளில் நிரப்பினால் 36-இல் 6 மில்லிமீட்டர் காணாமல் போகும், அதாவது நீளத்தில் ஆறில் ஒரு பங்கு. செங்குத்துப் படமென்றால் தலைக்கு மேலேயோ காலுக்குக் கீழேயோதான் அந்த வெட்டு விழும். அதைக் கணக்கில் கொள்ளாமல் எடுத்துவிட்டு, வியூஃபைண்டரின் 93-ஐத் திட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 12-க்கு 8-இல் போட்டிருந்தால் அந்தப் படம் பிழைத்திருக்கும்.

கலாக்ஷேத்ராவின் சி. நாச்சியப்பனை நான் கொண்டாடுவதற்கு இது ஒரு காரணம். ருக்மிணி தேவியையும் அந்த வளாகத்தின் நாட்டிய நாடகங்களையும் அவர் எடுத்துவைத்த படங்கள் இல்லையென்றால் நம்மிடம் கேள்விஞானம்தான் மிஞ்சியிருக்கும். திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா பப்ளிகேஷன்ஸ் அச்சகத்தை நடத்தியவரும் அவர்தான். பின்னாளில் துறவு பூண்டு, காரைக்குடிப் பக்கம் கோவிலூர் மடத்தின் தலைமைக்குப் போனார். எனக்கு அவர் துறவியாகவும் தெரிவதில்லை, புகைப்படக்காரராக மட்டும் தெரிவதுமில்லை. கேமரா பிடித்த அச்சகக்காரராகத்தான் தெரிகிறார். அச்சகக்காரருக்கு ஓரம் என்றால் என்னவென்று தெரியும். தாள் மெஷினிலிருந்து வந்து கட்டிங்குக்குப் போகும்போது எவ்வளவு போகும், பைண்டிங் எவ்வளவு விழுங்கும் என்பதெல்லாம் அன்றாடப் பிழைப்பு. அந்தக் கண்ணோடு ஒருவர் நடனத்தைப் பார்த்தால், ஆடுகிற உடம்பைச் சுற்றிக் காற்றை எங்கே விட வேண்டும், எங்கே இறுக்க வேண்டும் என்பது தானாக வரும். அவர் படங்களில் நான் ரசிப்பது இந்த விடுதலையும் இறுக்கமும்தான். ஆடுகிறவருக்குத் தரை இருக்கிறது. அந்தரத்தில் தொங்குகிற நாட்டியத்தை அவர் எடுக்கவில்லை.

இன்றைய நடனப் புகைப்படக்காரர்களோடு எனக்குள்ள பிணக்கும் இங்கேதான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு 200 மி.மீ. லென்ஸில் முகத்தையும் ஒரு கையையும் எடுக்கிறார்கள். கண் விரிந்திருக்கும், மூக்குத்தி மின்னும், பின்னணி கரைந்து போயிருக்கும். அழகில்லை என்று சொல்ல மாட்டேன். அபிநயத்துக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் கலாக்ஷேத்ரா பாணியை அப்படி எடுத்துவிட்டு, இதுதான் அந்த ஆட்டம் என்றால் எப்படி ஒப்புக்கொள்வது? அந்தப் பாணியின் உயிர் கோட்டில் இருக்கிறது. அரைமண்டியில் இரண்டு முழங்காலும் வெளிப்பக்கம் விரிந்து ஒரு வடிவம், நீட்டிய கைகள் அதன்மேல் இன்னொரு வடிவம். அதில் ஒரு முனை ஃப்ரேமுக்கு வெளியே போனாலும் வடிவம் குலைந்துவிடும். முழு உடம்பையும் எடுக்கத் துணிந்தால்தான் ஓரம் என்ற பிரச்சினையே எழும். ஓரத்துக்குப் பயந்தவர்களுக்கு முகம் நல்ல ஒளிவிடம்.

இனி அந்த ஒன்றேகாலுக்கு வருகிறேன். ஷட்டர் பொத்தான் மேலே வரும்படி கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால், வியூஃபைண்டரின் இடப்பக்கம் கீழே போகும். அதாவது ஷட்டர் வேகத்தின் எண் காலடியில் வந்து நிற்கும். கண்ணுக்கு அங்கே ஒரு சோலி கிடைத்துவிட்டது. 1/125-ஆ 1/60-ஆ என்று பார்க்கப் போகிற கண், போகிற வழியில் பாதத்தையும் பார்த்துவிட்டு வரும். பொத்தானைக் கீழே வைத்துப் பிடிக்கிறவர்களுக்குச் சிவப்புக் குறிகள் காலடிக்கு வரும். அதுவும் தவறில்லை, ஆனால் விளக்கு எரிந்தால் கண் விளக்கையே பார்க்கும், பாதத்தைப் பார்க்காது. ஆகவே பொத்தான் மேலே. இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் முழங்கை இடிக்கிறது என்பார்கள். சபாவில் பக்கத்து இருக்கைக்காரரின் காதை இடிக்கத்தான் செய்யும், மறுக்கவில்லை.

ஐந்தரை அடி உயரமுள்ளவர் வியூஃபைண்டரின் உயரம் முழுக்க நிறைந்து நிற்கிறார் என்று வையுங்கள். உச்சி மேல் கோட்டைத் தொடுகிறது, உள்ளங்கால் கீழ்க் கோட்டைத் தொடுகிறது. அப்போது ஃபிலிமில் ஒரு மில்லிமீட்டர் என்பது அவர் உடம்பில் ஐந்து சென்டிமீட்டர். மறைந்திருக்கிற ஒன்றேகாலில் இரண்டரை அங்குலத் தரை இருக்கிறது. சலங்கைக்கும் தரைக்கும் நடுவே பாதம் எடுத்துக்கொள்கிற உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். 12 அங்குல பிரிண்ட்டில் அது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒருவர் ஊன்றி நிற்கிறார் என்று நம்புவதற்கு அந்தத் தரை போதும், ஒரு சொட்டும் மிகை இல்லை. வியூஃபைண்டரில் கண்ணுக்கு அழகாகத் தெரியட்டும் என்று காலடியில் நீங்களே கொஞ்சம் இடம் விட்டிருந்தால், நெகட்டிவில் இரண்டு மடங்கு தரை விழுந்து ஆள் மிதப்பார். ஆகவே எஃப்எம்2-வில் பாதத்தைக் கோட்டின் மேலேயே வைக்க வேண்டும். கண்ணுக்கு இடிப்பதுபோலத் தெரிய வேண்டும். அந்த உறுத்தலைத் தாங்கிக்கொண்டு பொத்தானை அழுத்துகிற தைரியம்தான் 93 சதவீதக் கேமராவின் பாடம்.

மேல் விளிம்புக்கும் இதே நியாயம். பங்குனிப் பெருவிழாவில் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் தேர் மாடவீதி திரும்பும்போது 28 மி.மீ. லென்ஸோடு ஓரமாக நிற்கிறோம். கலசத்தைக் கோட்டைத் தொடும்படி வைத்தால் நெகட்டிவில் அதற்கு மூச்சுவிட இடம் தானாகக் கிடைக்கும். ஆனால் மேலே மறைந்திருக்கிற 0.84 மில்லிமீட்டரில் வானம் மட்டும்தான் இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? கேபிள் டிவிக்காரர் கட்டிய ஒயர் அங்கே காத்திருக்கும். கீழே தண்ணீர்ப் பந்தலின் பிளாஸ்டிக் டம்ளர். பக்கத்தில் கைபேசியை உயர்த்திய ஒரு கை, அதுவும் மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு. ஆகவே முதலில் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கி, வெறுங்கண்ணால் ஃப்ரேமின் வெளிவட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும். மேலே, வலப்பக்கம், கீழே, இடப்பக்கம், கோயிலைப் பிரதட்சிணம் செய்கிற அதே வரிசை. தெரிகிறதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தெரியாததை முதலில் பார்த்தாக வேண்டும்.

லைக்கா அன்பர்கள் இந்த இடத்தில் எழுந்து நிற்பார்கள். “எங்கள் கேமராவில் கோட்டுக்கு வெளியேயும் தெரியும், உள்ளே வரப்போகிறவரை முன்பே பார்த்துவிடலாம்” என்பது அவர்கள் பெருமை. தெருவுக்கு அது பெரிய வரம்தான். ஆனால் அந்தக் கோடு எவ்வளவு நேர்மையானது? எம்6-இல் அந்த வெள்ளைக் கோடுகளை 0.7 மீட்டர் தூரத்துக்கு அளந்து போட்டிருக்கிறார்கள். 1954-இன் எம்3-இல் ஒரு மீட்டருக்கு. கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் முன்னே நகர்ந்து காட்சி சுருங்கும். தூரத்துக்குப் போகும்போது விரியும். எம்6-இல் 50-ஐ மாட்டிக் கோபுரத்தை எடுத்தால், கோடு காட்டுவதைவிட எட்டு சதவீதம் வரை அதிகமாகப் பதியும். எங்கள் 93-ஐக் குறை சொல்கிறவர்களின் கோடும் தூரத்துக்குப் போனால் ஏறக்குறைய அதே 93-தான். எங்களுடையதாவது எந்தத் தூரத்திலும் மாறாது, ஒருமுறை அளந்துகொண்டால் போதும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் இருக்கிறது. கோட்டை நகர்த்திப் பாரலாக்ஸைச் சரிக்கட்டலாம். கண் இருக்கிற இடத்தை நகர்த்த முடியாது. மண்டபத் தூணின் ஓரமும் அதற்குப் பின்னால் தெரிகிற விமானத்தின் ஓரமும் உரசிக்கொண்டு நிற்கிற படம் வேண்டுமென்றால், லென்ஸ் வழியாகப் பார்த்தால்தான் உண்டு. கோயில்களைச் சுற்றியே படம் எடுக்கிறவனுக்கு லைக்கா ஒத்துவராததற்கு விலை மட்டும் காரணமில்லை.

கார்த்தியே-ப்ரெஸ்ஸோனின் பெயர் இங்கே வந்தே தீரும். நம் ஊர்க்காரர்களுக்கு அவர்மேல் தனி உரிமையும் உண்டு. 1950 ஏப்ரலில் ரமணர் உடலை நீத்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். எடுத்த படத்தை வெட்டக் கூடாது என்பதில் அவர் காட்டிய பிடிவாதம் ஊரறிந்தது. அதற்குச் சாட்சியாக நெகட்டிவைச் சுற்றிய கறுப்புக் கரையோடு பிரிண்ட் போடும் வழக்கம் பரவி, இங்கேயும் ஒரு கூட்டம் நெகட்டிவ் கேரியரை அரம் போட்டு ராவிக்கொண்டு திரிந்தது. ஆனால் உலகமே அறிந்த அவருடைய சாந்-லஸார் படம், 1932-இல் பலகை இடுக்கு வழியாக எடுத்தது, வெட்டப்பட்ட படம்தான். இடப்பக்கம் பலகை மறைத்ததை வெட்டி எடுத்தாக வேண்டியிருந்தது. இதை அவரைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. கறுப்புக் கரை, வெட்டவில்லை என்பதற்குத்தான் சான்று. பார்த்து எடுத்தார் என்பதற்கு இல்லை. எஃப்எம்2-வில் எடுத்துக் கறுப்புக் கரையோடு மாட்டிவைக்கிறவர், தான் பார்க்காத 13 சதவீதத்துக்கும் சேர்த்துக் கைதட்டல் வாங்கிக்கொள்கிறார். அந்த 13-இல் என்ன இருக்கிறது என்று தெரிந்தே எடுத்திருந்தால் கைதட்டலில் நானும் சேர்ந்துகொள்வேன்.

நூறு சதவீதக் கட்சிக்கு ஒரே ஒருவரை மனதார விட்டுக்கொடுக்கிறேன்: லின்னேயஸ் ட்ரைப். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். பெரிய பெட்டிக் கேமரா, கறுப்புத் துணிக்குள் தலை, மங்கல் கண்ணாடியில் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழுகிற காட்சி. ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தோடு சேர வேண்டும். எழுத்து அறுந்துவிடக் கூடாது. ஓரம் என்பது அவருக்கு அலங்காரமில்லை, இணைப்பு. கண்ணாடியில் விழுந்தது முழுசும் நெகட்டிவில் விழும் என்ற உறுதி இல்லாமல் அந்த வேலையைத் தொடங்கியிருக்கவே முடியாது. அப்படி ஒரு வேலையைக் கையில் எடுக்கிறவர் வந்து கேட்டால், எஃப்3-ஐ வாங்குங்கள் என்று நானே சொல்வேன்.

மற்றவர்கள் கையிலிருக்கிற கேமராவை அளந்துகொண்டால் போதும். புத்தகத்தில் 93 என்று போட்டிருப்பது தொழிற்சாலைக் கணக்கு. கண்ணாடி சாய்ந்து நிற்கிற கோணம் ஒரு நூல் மாறினாலும் காட்சி மேலேயோ கீழேயோ நகரும். மறைகிற ஏழு சமமாகப் பிரியாது. பல கை மாறிய கேமராக்களில் மேலே ஒன்றும் மறையாமல் கீழே மொத்தமும் மறைவதைப் பார்த்திருக்கிறேன். சோதிக்கிற வழி சுலபம். குளியலறை டைல்ஸ் சுவருக்கு எதிரே ஸ்டாண்டில் கேமராவை நேராக நிறுத்துங்கள். நாலு பக்கமும் எந்த டைலில் எத்தனையாவது விரற்கடையில் காட்சி முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடுகிற தண்டவாளத்தின் மேல் ட்ரேசிங் பேப்பரை இறுக்கி ஒட்டி, லென்ஸை முழுக்கத் திறந்து, ஷட்டரை பி-யில் வைத்து, கேபிள் ரிலீஸைப் பூட்டுங்கள். விளக்கை அணைத்துச் சுவருக்கு மட்டும் வெளிச்சம் விட்டால், தாளில் டைல்ஸ் தலைகீழாக வந்து விழும். எந்தப் பக்கம் எத்தனை டைல் கூடுதலாக விழுகிறது என்று எண்ணிவிடலாம். ஒரு ரோல் ஃபிலிமும் செலவில்லை. ஸ்க்ரீனை மாற்ற முடிந்தால் கட்டம் போட்ட ஈ2-வைப் போட்டுக்கொள்வது உத்தமம். கட்டம் இருந்தால் வெளியே எவ்வளவு என்று கண்ணே நீட்டி அளந்துகொள்ளும்.

இவ்வளவையும் செய்துவிட்டு லேபுக்குப் போனால்தான் வயிற்றெரிச்சல். ஒரு காலத்தில் தி. நகர் மாடியறை ஒன்றில் கறுப்பு-வெள்ளை பிரிண்ட் போடுகிறவர் ஒருவர் இருந்தார். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் இந்து பேப்பரை ஹைப்போ வாடையோடு கையில் வைத்துக்கொண்டு, “ஃபுல் ஃப்ரேமா சார், கட்டிங்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் என்லார்ஜர் விளக்கைப் போடுவார். கட்டிங் என்றால் கான்டாக்ட் ஷீட்டில் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் அவர் போகவும் மாட்டார், உள்ளே வரவும் மாட்டார். ஓரம் என்பது எடுத்தவருடைய உரிமை என்று தெரிந்த மனிதர். ஊட்டி ஆலை மூடிக்கிடக்கிறது. அந்த மாடியறையில் இப்போது வேறு ஏதோ வியாபாரம்.

இப்போது ஃபிலிம் திரும்பவும் மவுசுக்கு வந்திருக்கிறது. கலாக்ஷேத்ரா பக்கமும் கடற்கரையிலும் எஃப்எம்2-வும் கே1000-உம் தோளில் தொங்க இளைஞர்கள் போகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் டெவலப் செய்து ஸ்கேன் போடுகிற இடத்தில் மெஷின் தானே ஓரத்தை முடிவு செய்கிறது. நாலு பக்கமும் கறுப்பு தெரியக் கூடாது என்று உள்ளே தள்ளி வெட்டிவிடும். வெட்டியதைக் கைபேசிக்கு அனுப்புவார்கள். அதை இவர்கள் இன்ஸ்டாகிராமுக்காக இன்னொருமுறை வெட்டுவார்கள். “அப்புறம் கிராப் பண்ணிக்கலாம்” என்பது இந்தத் தலைமுறையின் தாரக மந்திரம். கைபேசித் திரை நூற்றுக்கு நூறு காட்டுகிறது. வால்மீகி நகர் நண்பர் கேட்ட வரம் எல்லோர் பையிலும் வந்துவிட்டது. அதனால் பாதங்கள் பிழைத்துவிட்டனவா என்று ஏதாவது ஓர் அரங்கேற்றத்தின் படங்களைப் புரட்டிப் பார்த்தால் தெரியும்.

ஸ்கேன் கடைப் பையனிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “மெஷினே அப்படித்தான் எடுக்கும் அங்கிள்” என்றான். நெகட்டிவை லைட் பாக்ஸில் வைத்து, லூப்பைக் கொடுத்து, ஸ்கேனில் இல்லாத தரையை நெகட்டிவில் காட்டினேன். பாதத்துக்குக் கீழே மெல்லிய ஒரு பட்டை. சற்று நேரம் பார்த்தான். “இதுக்காகவா அங்கிள்?” இதுக்காகத்தான் தம்பி என்றேன். அடுத்தமுறை ஓரக் கறுப்போடு முழுசாக எடுத்துக் கொடுத்தான். அதற்கடுத்த முறை போனபோது கல்லாவுக்குப் பின்னால் இருந்த விலைப்பட்டியலில் ஃபுல் ஃப்ரேம் ஸ்கேன் என்று தனியாக ஒரு வரி சேர்ந்திருந்தது, ரோலுக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாக. பேரம் பேசாமல் கொடுத்தேன்.